மெக்சிகோச் சோறும் நம் மிளகாயும்

வேளச்சேரி இல்லங்களில் இளையோர் இரவுணவாக மெக்சிகோ முறைச் சோறு சமைக்குங்கால், அஃது அந்நிய உணவென முகஞ்சுளிக்கும் முதியோர் உளர். யாம் அதற்கு உடன்படேம். மெக்சிகோவுக்கு அரிசியை 16-ஆம் நூற்றாண்டிற் கொண்டுசென்றவர் ஸ்பானியர். அது நம் ஆசியப் பயிர். 1498-இல் வாஸ்கோ ட காமா வந்த பின்னர்ப் போர்ச்சுக்கீசியர் வாயிலாக நாம் பெற்ற மிளகாயோ அந்நாட்டுக் காய். அதற்கு முன் நம்மவர்க்குக் காரந் தந்தது மிளகே. மிளகாய் என்னும் பெயரும் அதனையே சொல்லும். தக்காளியும் ராஜ்மாவும் அமெரிக்கக் கண்டத்தினவே. (தக்காளி இரசத்தைத் தூய தமிழுணவென்பார் இதற்கு யாது கூறுவர்?)

முக்காற்பதம் வெந்த சோற்றொடு இவற்றை வதக்கிக் கலந்து, மேலே சீஸ் தூவி, 180 பாகை செல்சியசில் 20 நிமிடம் ஓவனில் வைத்தல் வேண்டும். ஓவன் இல்லார் பாத்திரத்தை மூடித் தோசைக்கல்மேல் இளந்தீயில் வைப்பினும் அமையும். மேற்புறம் சிவக்காது, அவ்வளவே குறை.