விளக்கில் உட்கார்ந்த லட்சுமி

நம் வீடுகளில் காமாட்சி விளக்கு என்று ஒரு பித்தளை விளக்கு உண்டு. பெண் புகுந்த வீடு போகும்போது சீரோடு சீராக அதுவும் போகும். அதை எடுத்துச் சற்று உற்றுப் பாருங்கள். பின்தகட்டில் தாமரைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். இருபுறமும் யானைகள் தண்ணீர் ஊற்றுகின்றன. வைதிகர்களின் சாஸ்திரப்படியே இது கஜலட்சுமி உருவமேயல்லாமல் காமாட்சி உருவமல்ல. தினந்தோறும் கும்பிடுகிறவருக்கே தாம் கும்பிடுவது சிவன் பெண்டாட்டியையா, விஷ்ணு பெண்டாட்டியையா என்று தெரியவில்லையென்றால், அந்தப் பக்தியின் யோக்கியதையை என்னென்பது?

அந்த லட்சுமியாவது எங்கே குடியிருந்தவள்? கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய பார்கூத், சாஞ்சி ஸ்தூபிகளின் கல்லிலே இதே பெண்ணும் இதே யானைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை பௌத்தர்களின் ஸ்தூபிகள். பௌத்தத்தை நாட்டைவிட்டு ஓட்டிவிட்டோம் என்று பெருமை பேசுகிறவர்கள் வீட்டிலும் அந்த உருவத்துக்குத்தான் குங்குமம் வைக்கப்படுகிறது!

நாச்சியார்கோவில் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு மற்றது விளங்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததே பித்தளை. அதை மூசையில் உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, அரத்தால் ராவி, கடைசல் பிடித்து மெருகேற்றுகிறார்கள். பிறகு எடை போட்டு விலை சொல்லுகிறார்கள். தராசில் ஏறும்வரை அது சாமான். நம் வீட்டு மாடத்தில் ஏறியதும் தெய்வம். தெய்வமாக்கினவன் யார்? வார்த்தவனா, வாங்கினவனா? தொழிலாளியின் கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. அதற்குக் கும்பிடு போட்டாலும் அர்த்தமுண்டு.

இவ்வளவும் பித்தளையோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் தங்கை பதினெட்டு வயதில் தாலியறுத்தவள். என் தம்பி கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினவள் அவள்தான். காலையில் ஏற்றும் சமயம், "சுமங்கலி யாராவது வாங்க, நீ உள்ளே போம்மா" என்றார்கள். சொன்னவர் எங்கள் தாயார். வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். தேய்க்கும் வரை ஆகிற கை, திரியைத் தொட்டால் ஆகாதாம். விளக்கில் பெண்ணை உட்காரவைத்து, வீட்டுப் பெண்ணை அடுக்களையில் ஒளித்துவைப்பதற்குப் பெயர் மங்களமாம்!

போன தை மாதம் என் மகளுக்குப் புரோகிதரில்லாமல் கல்யாணம் செய்தேன். அதே குத்துவிளக்குதான். இருட்டிய பிறகு பந்தலுக்கு வெளிச்சம் வேண்டியிருந்ததால் வைத்தோம். ஏற்றியவள் என் தங்கை. முதலில் கை நடுங்கியது. இரண்டு குச்சி வீணாயிற்று. தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாடு முடிந்து இலையெடுக்கும்போது பார்த்தேன்: தாயாரே எழுந்துபோய் அந்த விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.