மீனின் சுபாவமும் தொட்டியின் தீனியும்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்க்கும் அன்பர்கள், தம் கை நீருக்கு மேல் நீண்டவுடன் மீன்கள் கூட்டமாக எழும்பி வாய் திறப்பதைக் கண்டு, அவற்றுக்குத் தீராப் பசியென்று கருதிப் புழுவையும் இறைச்சித் துணுக்கையும் வாரியிடுகிறார்கள். அந்த அன்பே பல மீன்களுக்கு யமனாகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். சிக்லிட் என்னும் குடும்பத்து மீன்களின் விஷயத்தில் இந்த அபாயம் அதிகம். ஏனெனில் கடையில் அடுத்தடுத்த தொட்டிகளில் நீந்தும் இரண்டு சிக்லிட்களின் ஆகார முறை ஆட்டுக்கும் புலிக்கும் போல வேறுபட்டிருக்கக்கூடும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், கரையோரப் பாறைகளை அண்டி வாழும் சிறு சிக்லிட்களை அவ்விடத்துச் செம்படவர் ம்புனா என்பர். வெயில் படும் பாறைகளிலெல்லாம் மெல்லிய பாசிப் படலம் படிந்திருக்கும். அதனுள்ளே பூச்சிகளின் இளம்புழுக்களும் கண்ணுக்கெட்டாத நீர்வாழ் உயிர்களும் குடியிருக்கும். லேபியோட்ரோபியஸ் என்னும் மீனுக்குத் தடித்த மூக்கின் அடியில் வாய் அமைந்திருப்பதால், அது மற்ற மீன்களைப் போலத் தலைகீழாகக் கவிழாமல், பாறையை ஒட்டினாற்போல் உடலைக் கிடத்தியபடியே, அலை புரளும் ஆழமற்ற நீரிலும் நிலை பிசகாமல் பாசியைச் சுரண்டிக்கொண்டு நகர்கிறது. அதே பாறையில் மேயும் பெட்ரோடிலாபியாவோ, நெருங்கி முளைத்த நுண்பற்களால் பாசியிழைகளைச் சீவி, அவற்றில் தங்கிய துகள்களையே பெரிதும் கொள்கிறது. இவ்வாறு ஒரே பாறையைப் பல இனங்கள் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தை, ஜெஃப்ரி ஃபிரையர் 1959-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நுணுக்கமாக விவரித்திருக்கிறார். சத்துக் குறைந்த ஆகாரத்தைப் பகல் முழுவதும் சிறுகச் சிறுகக் கொறிக்கும் மீனுக்குக் குடல் மிக நீண்டிருக்க வேண்டியது அவசியம். தங்கனீக்கா ஏரியின் ட்ரோபியஸுக்கு அது உடலின் நீளத்தைப் போலப் பல மடங்கு. இத்தகைய மீனுக்கு வேளைதோறும் மாமிசத்தையே நிறைய இட்டுவந்தால், வயிறு உப்பி, தீனி மறுத்து, சில நாட்களில் மடிந்துபோவதை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றனர். நெரிசல், அழுக்கு நீர் என்று வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. எனினும் தீனியின் பங்கை அனுபவசாலிகள் பலர் மறுப்பதில்லை.

மலாவி ஏரியிலேயே லிவிங்ஸ்டோனி என்றொரு வேட்டைக்காரனும் உண்டு. உடலெங்கும் திட்டுத்திட்டாக நிறமுடைய அது, மணலில் ஒருக்களித்து விழுந்து, செத்து அழுகிய மீன்போல் அசைவற்றுக் கிடந்து, பிணமென்று கொத்த வரும் சிறுமீனைச் சட்டெனப் பற்றி விழுங்கும். இதை அறியாதவர், தொட்டியில் அது படுத்திருப்பதைக் கண்டு நோயென்று மருந்தைக் கலக்கிவிடக்கூடும்.

“என் மீன் எதைப் போட்டாலும் தின்கிறதே” என்று சிலர் வாதிக்கலாம். தின்னத்தான் செய்யும். சிக்லிட்களுக்குத் தொண்டையினுள்ளே இன்னொரு ஜோடித் தாடைகள் உண்டு; இரையை நசுக்கி அரைக்கும் வேலையை அவை ஏற்றுக்கொள்வதால், முன்வாய் இரையைப் பற்றும் விதவிதமான உபாயங்களுக்கு ஏற்ப விருத்தியடைய முடிந்தது என்று ஆராய்ச்சியாளர் காரெல் லீம் 1973-இல் விளக்கினார். ஒரே ஆகாரத்துக்கென அமைந்தாற்போல் தோன்றும் மீனும் சந்தர்ப்பம் வாய்த்தால் பிறவற்றையும் லாவகமாக உண்ணும் என்பதையும் அவரே பின்னர் எடுத்துக்காட்டினார். ஏரியில் அந்தச் சந்தர்ப்பம் எப்போதோ வருவது. தொட்டியிலோ நாம் அதை நித்திய நியமமாக்கிவிடுகிறோம்.

ஆகவே மேய்ச்சல் மீன் வளர்ப்பவர், தொட்டியின் கற்களில் வெளிச்சம் படச் செய்து பாசியை வளரவிடுவதும், ஸ்பைருலினாப் பாசி கலந்த தீனியையோ வெந்நீரில் வாட்டிய கீரையையோ சிறிது சிறிதாகப் பலமுறை இடுவதும் உத்தமம். சென்னை கொளத்தூரைப் போல வண்ணமீன் வியாபாரம் செழித்த இடங்களில், ஒவ்வொரு தொட்டியின் மேலும் விலையோடு கூட, அந்த மீன் எந்த ஏரியைச் சேர்ந்தது, அங்கே எதை எப்படி உண்டது என்று இரண்டு வரி எழுதி ஒட்டும் வழக்கத்தை வியாபாரிகள் தாமாகவே மேற்கொள்ள வேண்டும். வாங்குபவரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பையில் மீனை வாங்கிக்கொண்டு புறப்படலாகாது.