மலிவு விலையில் மலை!

இத்தாலி நாட்டிலே ஒரு வீட்டின் விலை என்ன தெரியுமா, தோழர்களே? ஒரே ஒரு யூரோ! நம் பணத்திலே ஏறத்தாழ நூறு ரூபாய். கள்ளக்குறிச்சிச் சந்தையிலே ஒரு நல்ல கோழிகூட அந்த விலைக்குக் கிடைக்காது. சிசிலித் தீவிலே சம்புகா என்றொரு சிற்றூர். 2019இல் அந்த ஊராட்சி தன் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோ என்ற தொடக்க விலைக்கு ஏலம் கூறிற்று. உலகமெங்குமிருந்து ஆட்கள் பறந்தோடி வந்தார்கள். ஐயாயிரம் யூரோ முன்பணம் கட்டவேண்டும், மூன்றாண்டுக்குள் வீட்டைச் செப்பனிட்டாக வேண்டும் என்ற நிபந்தனை பிறகுதான் பலர் கண்ணிலே பட்டது. அது வேறு கதை.

நம் நாட்டுச் சீமான்களும் இந்த வேட்டையிலே சளைத்தவர்கள் அல்லர். ஓய்வு காலத்தை எங்கே கழிப்பது? துபாயிலா, கோலாலம்பூரிலா, லிஸ்பனிலா? இதுதான் அவர்களுக்கு வந்திருக்கும் பெருங்கவலை! ஒருவர் ஓராண்டிலே 2,50,000 டாலர் வரையில் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதைக்கொண்டு அங்கே வீடும் வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி வழிவிட்டிருக்கிறது. துபாயிலே 2002 முதல் வெளிநாட்டார் சொந்தமாக வீடு வாங்கலாம். இருபது லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்குகிறவருக்குப் பத்தாண்டு தங்கும் உரிமையும் தருகிறார்கள். அந்த மாளிகைக்குச் செங்கல் சுமந்தானே நம் சங்கராபுரத்துத் தோழன், அவனுக்கு? ஒப்பந்தம் முடிந்த அன்று விமானச் சீட்டு!

சீமான் எங்கே வீடு வாங்கினால் நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். வாங்கட்டும். ஆனால் மலிவு என்றொரு சொல் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கவேண்டும். ஒரு சொத்து ஏன் மலிவாகக் கிடைக்கிறது? சம்புகாவிலே காரணம் வெளிப்படை: இளைஞர்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போய்விட்டார்கள், வீடு காலியாகக் கிடக்கிறது. ஆள் இல்லை, ஆகவே மலிவு. இன்னொரு வகை மலிவு உண்டு. அங்கே ஆள் இருக்கிறான்; தலைமுறை தலைமுறையாக இருக்கிறான்; அவன் காலடி மண்ணைக் காக்கும் சட்டம் மட்டும் இல்லை. அந்த மலிவைப் பற்றித்தான் பேச வந்தேன்.

உதகமண்டலத்தை எண்ணிப் பாருங்கள். கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் என்னும் வெள்ளைக்காரர், 1822இலே அங்கே கல் வீடு ஒன்று எழுப்பத் தொடங்கினார். தோடர்களிடமிருந்து நிலத்தை என்ன விலைக்கு வாங்கினார்? ஏக்கர் ஒரு ரூபாய்! வெயில் தாங்காத வெள்ளை உடம்புக்கு ஓய்வெடுக்க ஓர் இடம். ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வந்தவருக்கு மலிவு விலையிலே அயல்நாட்டுச் சொத்து! எருமை மேய்த்துத் திரிந்த மலை பங்களாத் தோட்டமாயிற்று, குதிரைப் பந்தயத் திடலாயிற்று. சல்லிவனை நல்லவர் என்பார்கள்; இருக்கலாம். வாங்கியவர் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வி அன்று. விற்றவனுக்கு அந்த மண்ணின் மதிப்பைச் சொல்ல ஒருவரும் இல்லை. விற்காதே என்று தடுக்க ஒரு சட்டமும் இல்லை. ஒரு ரூபாய் விலையின் இரகசியம் அவ்வளவுதான்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிவிட்டு நழுவினால் அது நேர்மை ஆகாது. கடல் கடந்து மண் சேர்த்த கதை நம்மவரிடமும் உண்டு. செட்டிநாட்டு மாளிகைகளிலே நிற்கிறதே பர்மாத் தேக்கு, அதைக் கேளுங்கள், சொல்லும். கீழ்ப்பர்மாவின் நெல் வயல்களுக்குச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். அவர்கள் நிலம் பிடிக்கப் போனவர்கள் அல்லர், வட்டிக்குப் போனவர்கள். ஆனால் 1930இலே உலகமெங்கும் மந்தம். நெல் விலை தரையிலே விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவன் கையை விரித்தான். அடகு வைத்த வயல் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களிலே 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து! நாலில் ஒரு பங்கு வயல் அயலார் பெயரிலே! அந்த நாட்டு உழவன் நெஞ்சு எரிந்திருக்காதா?

எரிந்தது. 1942இலே ஜப்பான் படை வந்தது. நடந்தே ஓடிவந்தவர்களிலே வழியிலே மாண்டவர்கள் எத்தனையோ பேர். பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. 1962இலே நீ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் பறிபோயின. 1964இலே ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளிலே வெறுங்காகிதம் ஆயின. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைத் துறைமுகத்திலே வந்து இறங்கினார்கள். யார் இறங்கியது தெரியுமா? வயலை எழுதி வாங்கிய பெருந்தனக்காரர்களா? அவர்களிலே பெரும்பாலோர் முன்பே கரை சேர்ந்துவிட்டார்கள். மூட்டை தூக்கியவன், வண்டி ஓட்டியவன், பெட்டிக்கடை வைத்திருந்தவன் வந்தான்! வயல் ஒருவர் பெயரிலே. அதற்கான வசவும் அடியும் இன்னொருவன் முதுகிலே!

இனி நம் ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிற உழைப்பாளித் தோழர்களின் கதைதான் இப்போது நான் சொல்லப்போவது. பத்தாண்டு வியர்வை சிந்தி ஒருவன் நாலு காசு சேர்க்கிறான். உழைத்த ஊரிலேயே ஓர் அறை வாங்க முடியுமா? 2023 ஏப்ரல் முதல் சிங்கப்பூரிலே வெளிநாட்டான் வீடு வாங்கினால், விலையிலே நூற்றுக்கு அறுபது கூடுதல் முத்திரை வரி! ஒரு கோடி வீட்டுக்கு அறுபது லட்சம் வரி. இலங்கை 2014இலே சட்டம் செய்து, சில விலக்குகள் நீங்கலாக, வெளிநாட்டார் நிலம் வாங்குவதைத் தடுத்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் மக்களுக்கு வீடு எட்டாமல் போகும் என்று சிங்கப்பூர் அஞ்சுகிறது, வேலி போடுகிறது. காசு மிகுந்த நாடுகளே வேலி போடுகின்றன என்பதை மட்டும் மனத்திலே குறித்துக்கொள்ளுங்கள்.

சேமித்த பணத்தோடு ஊர் திரும்புகிறவனை வரவேற்கத் தரகர் காத்திருக்கிறார். "என்ன தம்பி, கையிலே ஏதோ இருக்கிறதாமே? கீழ்நாட்டிலே சென்ட் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. மலையிலே பார்க்கலாமே! குளிர்ந்த காற்று, அருவித் தண்ணீர், பண்ணை வீடு, ஓய்வு காலத்துக்குச் சொர்க்கம்! ஏக்கர் கணக்கிலே கிடைக்கும், விலையோ தூசு!"

எந்த மலை? நம் கல்வராயன் மலை!

தோழர்களே, அந்த மலையின் வரலாறு உங்களிலே எத்தனை பேருக்குத் தெரியும்? நாடு விடுதலை பெற்றது 1947இலே. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் கையிலிருந்து அந்த மலை அரசின் கைக்கு வந்தது 1976இலே! இருபத்தொன்பது ஆண்டு இடைவெளி. கச்சிராயபாளையத்திலே தேசியக் கொடி பறந்தது. மேலே ஏறினால் ஜாகீர். பட்டா என்றால் என்ன, அளவைக்கல் என்றால் என்ன என்று கீழே இருப்பவன் தாத்தா காலத்திலேயே கற்றுக்கொண்டான். மலையாளிப் பழங்குடி மகன் நேற்றுத்தான் கேள்விப்பட்டான். சாமையும் மரவள்ளியும் விளைத்து, கடுக்காயும் தேனும் எடுத்து, கீழே கொண்டுவந்து வியாபாரி சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டுப் போகிறவன் அவன். 2024 ஜூனிலே கருணாபுரத்திலே விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் பலருக்குக் கல்வராயன் மலை நினைவுக்கே வந்தது. உயர்நீதிமன்றம் தானே முன்வந்து மலைமக்களின் நிலை பற்றி வழக்கை எடுத்துக்கொண்டது. அதுவரையில்? மலை என்றால் சுற்றுலாக்காரருக்கு அருவி, போலீசுக்கு ஊறல், தரகருக்கு ஏக்கர்!

அந்த மலையிலே நிலம் மலிவு என்கிறார்கள். ஏன் மலிவு? சொல்லுகிறேன், கேளுங்கள்.

அங்கே பல நிலங்கள் விற்கவே முடியாத நிலங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை உழுது வாழ்ந்த பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு எக்டேர் வரையில் உரிமை தருகிறது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை. பிள்ளைகளுக்குப் போகலாம்; விற்க முடியாது, வேறொருவருக்கு மாற்றவும் முடியாது. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது! அரசு ஒப்படை செய்து கொடுத்த நிலத்திலும் விற்பனைக்குத் தடை விதிக்கும் நிபந்தனை போடுவதுண்டு. அப்படியானால் தரகர் எதை விற்கிறார்? காகிதத்தை விற்கிறார்! முத்திரைத் தாளிலே ஓர் ஒப்பந்தம், பதிவு கிடையாது. இல்லையென்றால் நீண்டகாலக் குத்தகை என்பார். அல்லது மலைக்காரர் ஒருவர் பெயரிலேயே இருக்கட்டும், 'பவர்' உங்களுக்கு என்பார். கைநாட்டு வைத்தவனுக்குத் தான் விற்றது தெரியாது. பணம் கொடுத்தவனுக்குத் தான் வாங்கவில்லை என்பது தெரியாது!

பத்தாண்டு கழித்து என்ன ஆகும்? விற்றவனின் மகன் வந்து கேட்பான், அல்லது வனத்துறை வந்து கேட்கும். தரகர் எங்கே? வேறு மலையிலே இருப்பார். சிங்கப்பூரிலே சாரத்தின் மேல் நின்று சம்பாதித்தவன் பணத்தை இழப்பான். மலைமகன் அதற்கு முன்பே மண்ணை இழந்திருப்பான். விற்றவனும் பாட்டாளி, வாங்கியவனும் பாட்டாளி. இருவருக்கும் நடுவிலே நின்றவர் மட்டும் கார் வாங்கியிருப்பார்.

மண் போன மலைக்காரன் எங்கே போவான் என்பதும் நமக்குத் தெரியாதது அன்று. கேரளத்துத் தோட்டங்களுக்குப் போவான், திருப்பூருக்குப் போவான். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் இன்னொரு தரகனின் வண்டியிலும் ஏறுவான். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேசாசலம் காட்டிலே ஆந்திரப் போலீசார் சுட்டு விழுத்திய இருபது பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். கையளவு நிலம் நிலைத்திருந்தால் அவர்களிலே எத்தனை பேர் அந்த வண்டியிலே ஏறியிருப்பார்கள்?

அந்த ஆந்திரத்தைப் பார்த்துக் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. அங்கே பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதார் வாங்கவே முடியாது. 1959இலே விதி செய்து, 1970இலே அதை இறுக்கினார்கள். அந்தப் பகுதியிலே அயலான் கையிலே நிலம் இருந்தால், அது பழங்குடியிடமிருந்து வந்தது என்றே சட்டம் கொள்ளும். இல்லை என்று மெய்ப்பிப்பது அவன் பொறுப்பு! இமாசலத்திலே 1972ஆம் ஆண்டுச் சட்டம், அந்த மாநிலத்து உழவன் அல்லாதவன் அரசின் அனுமதியின்றி உழவு நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை பத்து மாநிலங்களிலே பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிக் காவல் தருகிறது. பத்திலே தமிழ்நாடு இல்லை! கல்வராயனும் இல்லை, சவ்வாதும் இல்லை, கொல்லியும் இல்லை, பச்சைமலையும் இல்லை. சமூக நீதிக்கு முன்னோடி என்று மார்தட்டும் மாநிலத்துக்கு இது அழகா?

"மலைக்காரன் தன் நிலத்தை நல்ல விலைக்கு விற்கக்கூடாதா? அவன் உரிமையைப் பறிக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பெண்ணின் திருமணத்துக்கும் பிள்ளையின் மருத்துவத்துக்கும் பணம் வேண்டுமே. வங்கி கடன் தராதே! ஆகவே வேலி போட்டுவிட்டு வெறுங்கையோடு அவனை உள்ளே நிறுத்தினால் போதாது. மரவள்ளிக்கும் கடுக்காய்க்கும் நல்ல விலை தரும் கூட்டுறவும், வன உரிமைப் பத்திரத்தைக் கண்டு முகம் சுளிக்காமல் பயிர்க்கடன் தரும் சங்கமும் மலைமேல் வேண்டும். தேவை ஒன்றுக்காக அவன் வெட்டிப்போடுவது தன் காலையே என்றால், அதை உரிமை என்று புகழ நான் தயாராக இல்லை.

சரி, சேர்த்த காசை வைத்துக்கொண்டு நம் தோழன் என்ன செய்வான்? மலேயாவைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும். வெள்ளைக்காரத் துரைமார்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறிய காலம். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி விற்றார்கள். பால்மரம் சீவிய தமிழனுக்கு வேலையும் போயிற்று, குடியிருந்த லயமும் போயிற்று. அப்போது, 1960இலே, வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டினான். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்திலே புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது! சீவிய கைகளே சொந்தக்காரர் ஆயின. யாரையும் விரட்டாமல், இருந்தவனே வாங்கினான். பதிவான பத்திரத்தோடு வாங்கினான். கள்ளக்குறிச்சியிலே அயல்நாட்டு வருமானம் வரும் நூறு குடும்பங்கள் சேர்ந்தால், கீழ்நாட்டிலே சட்டப்படி விற்கத்தக்க நிலத்தை இப்படி வாங்க முடியாதா? தனித்தனியாகப் போனால் தரகரின் தட்டிலே விழுவார்கள்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை. மலையிலே இடம் இருக்கிறது என்று துண்டறிக்கை வந்தால், அதைப் படிப்பகத்திலே வைத்து எல்லோர் முன்னிலையிலும் மூன்று கேள்வி கேளுங்கள்: பட்டா யார் பெயரிலே? அதிலே விற்பனைத் தடை உண்டா? சார்பதிவாளர் அலுவலகத்திலே பதிவாகுமா? கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற தோழர்கள், ஊர்க் கூட்டத்திலே வன உரிமைப் பத்திரத்தை எடுத்து, விற்க முடியாது என்ற வரியை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு கையெழுத்து இயக்கம். ஆந்திரத்தார் 1970இலே செய்ததைத் தமிழ்நாட்டு மலைகளுக்குச் செய்ய ஒரு மசோதா வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து முதல் கட்டு கையெழுத்து கோட்டைக்குப் போகட்டும். கருமந்துறையிலிருந்து அடுத்த கட்டு புறப்படட்டும்.