ரஞ்சன்குடியில் வெள்ளையர் ஓட்டம்!

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பஸ்சில் போகிறவர்கள், பெரம்பலூர் வருவதற்குச் சுமார் 17 கிலோமீட்டர் முன்பாகச் சற்று வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். பாறை மேல் ஒரு கோட்டை தெரியும். ரஞ்சன்குடிக் கோட்டை!

"இங்கே ஆங்கிலேயர் ஜெயித்தார்கள்" என்று சொல்கிறார்கள். அது பாதிக் கதைதான். முதலில் அவர்கள் இங்கே தோற்று ஓடினார்கள்!

அப்போது ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இருவர் மோதினார்கள். ஒருவர் சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள். மற்றவர் முகமது அலி. அவருக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். பட்டம் இவர்களுக்கு, நாடு யாருக்கு என்பதுதான் வெள்ளையர்களின் கணக்கு.

1751-ம் ஆண்டில் சந்தா சாகிப் பெரும் படையோடு திருச்சியை நோக்கிப் புறப்பட்டார். வழியில் இருந்தது இந்தக் கோட்டை. பக்கத்து ஊரான வாலிகண்டபுரத்தின் பெயரைச் சிதைத்து, 'வால்கொண்டா' என்று வெள்ளையர் எழுதினார்கள்.

கோட்டையைக் காத்த கில்லேதார் கெட்டிக்காரன். "கோட்டையை எங்களிடம் கொடு" என்று இரு தரப்பும் கேட்டன. அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. இவர்களிடமும் பேசினான், அவர்களிடமும் பேசினான். நாட்களைக் கடத்தினான். இரண்டு யானைகள் மோதும்போது நடுவில் அகப்பட்டவன் வேறு என்ன செய்வான்?

ஆங்கிலத் தளபதி ஜிஞ்சென்ஸ் பொறுமை இழந்தார். கோட்டையின் அடியில் இருந்த பேட்டைக்குத் தீ வைத்தார். பேட்டை என்றால் குடிகள் வாழ்ந்த இடம். கடையும் வீடும் இருந்த இடம். நவாப் சண்டைக்கும் அந்த மக்களுக்கும் என்ன சம்பந்தம்? எரிந்தது அவர்கள் வீடு!

கில்லேதார் கொதித்தான். பிரெஞ்சுக்காரர்களைத் துணைக்கு அழைத்தான்.

மறுநாள் சண்டை மூண்டது. பீரங்கிகள் முழங்கின. திடீரென்று ஆங்கிலேய வீரர்கள் பீதி பிடித்து ஓட ஆரம்பித்தார்கள். முகமது அலியின் சகோதரர் அப்துல் வகாப், இன்னும் களத்தில் நின்ற தம் ஆட்களைக் காட்டி, "வெட்கமில்லையா?" என்கிற தோரணையில் ஏசினார். பயனில்லை. படைக்கு உணவுப் பொருள் சேகரிக்கும் பொறுப்பில் வந்திருந்த ஒரு இளைஞரும் அவர்களைத் தடுத்துப் பார்த்தார். அவர் பெயர் ராபர்ட் கிளைவ்! அவராலும் முடியவில்லை. அந்தப் படை ஊட்டத்தூருக்கு ஓடி, பிறகு திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தது.

திருச்சி முற்றுகைக்கு உள்ளானது. அதைத் தளர்த்தத்தான் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். அந்தக் கதை பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ரஞ்சன்குடி ஓட்டத்தை அநேகமாக யாரும் சொல்வதில்லை.

ஆனால் கதை இன்னும் முடியவில்லை!

1752-ல் ஸ்ரீரங்கத்தில் சிக்கிக்கொண்ட பிரெஞ்சுப் படைக்கு உதவி செய்ய, தொத்தேய் என்ற தளபதி வந்தார். ஊட்டத்தூருக்கு மேல் போக முடியவில்லை. கிளைவ் துரத்தினார். தொத்தேய் பின்வாங்கி, இதே கோட்டைக்கு ஓடி வந்தார். போன வருஷம் நண்பனாக இருந்த கோட்டை அல்லவா!

உள்கோட்டைக் கதவு திறக்கவில்லை.

கோட்டைத் தலைவன் இப்போது முகமது அலியின் பக்கம் சாய்ந்திருந்தான். தொத்தேய் கிளைவிடம் சரணடைந்தார். அவருடைய உதவியை எதிர்பார்த்திருந்த ஸ்ரீரங்கத்துப் படையும் சில நாட்களில் சரணடைந்தது. சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியிடம் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். 1754-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயும் தாயகத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்.

அந்தக் கதவைச் சாத்தியது சரியா, தவறா? வாதாடலாம். பேட்டையை எரித்தவர்கள் பக்கமே சாய்ந்தானே என்று கோபிக்கலாம். என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் அவனுக்கு அந்நியர்தான். அவன் தன் கோட்டையைக் காப்பாற்றப் பார்த்தான், அவ்வளவுதான்.

பலன் யாருக்குப் போயிற்று? 1765-ல் நவாப்பின் படை, ஆங்கிலேயர் துணையோடு அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைப் பறித்துக்கொண்டது. 1801-ல் நவாப்பின் ராஜ்யமே கம்பெனியின் கைக்குப் போயிற்று.

கோட்டை இப்போது மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது இங்கேயும் ஒரு மணி நேரம் நிறுத்தட்டும். 1751, 1752 என்ற இரண்டு ஆண்டுகளையும் சொல்லிக் கொடுக்கட்டும். கோட்டைக்கு வெளியே நிற்கும்போது, தீயில் எரிந்த அந்தப் பேட்டையைப் பற்றியும் சொல்லட்டும்.