அளந்து போடும் பிள்ளை

பிள்ளை பரீட்சையிற் சித்தியெய்தினால் பெற்றோர் ஊரெல்லாம் சொல்வர். பிள்ளை செலவுக் கணக்கு எழுதத் தொடங்கியதைச் சொல்லிப் பெருமைப்பட்டவர் உண்டோ? நாம் பெருமைப்பட்டோம், அதனால் ஒரு பாடமும் கற்றோம்.

நம் மூத்த மகன் 2019இல் கொழும்பில் உத்தியோகம் ஏற்றான். முதற் சம்பளத்தோடு தவணை முறையில் விலையுயர்ந்த கைத்தொலைபேசி வந்தது. கடைச் சாப்பாடு, புதுச் சப்பாத்து, நண்பர்களுடன் விருந்து என்று இருபது நாளிற் சம்பளம் தீர்ந்துவிடும். பிறகு வீட்டிலே காசு கேட்பான். நாம் சொன்ன புத்தியெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று.

நாம் சொல்லிக் கேளாதவன் விலைவாசி சொல்லக் கேட்டான். 2022 செப்ரெம்பரில் கொழும்பில் நுகர்வுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்ததல்லவா? அப்போதுதான் ஒரு கொப்பி வாங்கி, தேநீர்க் காசு முதலாக எழுதலானான். சம்பளச் சீட்டையும் அன்றுதான் கவனமாகப் பார்த்தானாம். ஊழியர் சேமலாப நிதிக்கெனச் சம்பளத்தில் 8 வீதம் முன்னரே கழிக்கப்படுகின்றது. தொழில்தருநர் 12 வீதம் சேர்க்கின்றார். "கைக்கு வராத அந்தக் காசை நான் ஒருநாளும் தேடியதில்லை, அப்பா" என்றான். அன்றுமுதல் சம்பள நாளிலேயே இன்னுமொரு பங்கை வங்கியில் இட்டு வந்தான். அயலாருக்கெல்லாம் இதைச் சொல்லி மகிழ்ந்தோம்.

2024இல் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பெரிய மண்டபம், அலங்காரம், அறுநூறு பேருக்கு விருந்து என நாம் பட்டியல் எழுதினோம். காசு போதாவிடின் நகையை அடகு வைப்பதென்றும் எண்ணினோம். மகன் பட்டியலைப் பார்த்தான். "அப்பா, அடகு வட்டியை எழுத மறந்துவிட்டீர்களே?" என்று மெதுவாகக் கேட்டான்.

நமக்குச் சினம் மூண்டது. "எங்கள் செலவுக்கு நீ கணக்குப் பார்க்கிறாயோ?" என்று கடிந்தோம். அன்றிரவு இல்லாள், "பிள்ளையின் சிக்கனத்தை ஊருக்குச் சொல்லுகிறீர்கள், அது உங்களிடம் வந்தால் மட்டும் கசக்கிறதோ?" என்றாள். நமக்கு மறுமொழி இல்லை.

விடிந்ததும் பட்டியலை மகனிடமே கொடுத்தோம். உறவினர் சூழக் கோவிலிலே திருமணம் நிறைவேறியது. அடகுக்குப் போகவிருந்த நகை மகளின் கழுத்திலே கிடந்தது. மேளகாரருக்கும் சமையற்காரருக்கும் பேசிய கூலிக்கு மேலாகவே மகன் கொடுத்தான். சிக்கனம் வேறு, உலோபம் வேறு என்பதை அவன் அறிந்திருந்தான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். அவர்கள் அளக்கப் பழகிய பின்னர், அந்த அளவு நம் வீட்டு வாசலுக்கு வரும்போது நாம் முகஞ்சுளிக்கலாமா? பெற்றோரே, சிந்தியுங்கள். மாணவச் செல்வங்களே, நீங்களும் இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் வரியில் அந்தக் கொப்பியின் விலையையே எழுதுங்கள்.