பிறப்பு பார்த்துப் போடும் பழி

டிசம்பர் 6 வந்தால் போதும். வீரவணக்கம் முடிந்த கையோடு யாராவது ஒருத்தர் மைக்கைப் பிடித்து, "அண்ணலைக் கொன்னதே அந்தப் பாப்பாத்திதான்" என்று ஆரம்பித்துவிடுகிறார். கீழே கைதட்டல். ஒரு காலத்தில் வாய்வழியாகச் சுற்றிய கதை இன்றைக்கு வாட்ஸ்அப்பிலும் யூட்யூபிலும் சோக இசையோடு சுற்றுகிறது. ஒரு கூட்டத்தில் ஆதாரம் என்னவென்று எழுந்து கேட்டேன். "அவ பிராமணத்திதானே, வேற என்னம்மா ஆதாரம் வேணும்?" என்றார் பேச்சாளர்.

இந்தப் பதிலைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல் எங்கே பிறந்தார் என்று பார்த்துத் தீர்ப்பு எழுதுவது மனுவின் வேலை. அந்த வேலையை நாம் ஏன் பார்க்க வேண்டும்?

சவிதா அம்பேத்கரைப் பற்றி நம் சனங்களுக்கு என்ன தெரியும்? 1909இல் பிறந்தவர். பிறந்தபோது பெயர் சாரதா கபீர். சாரஸ்வதப் பிராமணக் குடும்பம். பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போவதே அதிசயமாக இருந்த காலத்தில் மருத்துவம் படித்து டாக்டரானவர். பம்பாயில் டாக்டர் மால்வங்கரிடம் வேலை பார்த்த காலத்தில் பாபாசாகேப்புக்கு அறிமுகமானார். பாபாசாகேப்புக்கு அப்போதே சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, நரம்பு வலி, ராத்திரியில் தூக்கமில்லை. ஒரு பக்கம் அரசியல் சட்ட வரைவு வேலை, இன்னொரு பக்கம் சட்ட அமைச்சர் பொறுப்பு. கூட ஒரு ஆள் இருந்து கவனித்தே ஆகவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ரமாபாய் 1935இல் இறந்தபிறகு மறுமணமே வேண்டாம் என்றிருந்தவர், மருத்துவம் தெரிந்த துணை வேண்டும் என்ற தன் நிலைமையைத் தோழர் கெய்க்வாடுக்குக் கடிதமாகவே எழுதினார். 1948 ஏப்ரல் 15 அன்று டெல்லியில் அவர் வீட்டிலேயே பதிவுத் திருமணம் நடந்தது. அவருக்கு 57 வயது. அந்த அம்மாவுக்கு 39.

அன்றைக்குப் பிடித்தது சனி. பத்திரிகைக்காரனுக்கு அது 'தீண்டத்தகாத தலைவர் பிராமணப் பெண்ணை மணந்த' செய்தி. நம்மவர்களுக்கு எதிரி வீட்டுக்குள் புகுந்த சேதி. அந்தம்மா டாக்டர் என்பது ரெண்டு பேருக்குமே கண்ணில் படவில்லை. மருந்து, பத்தியம், இன்சுலின் ஊசி என்று எட்டு வருசம் பார்த்தார். யார் எப்போது அவரைப் பார்க்கலாம் என்று நேரம் குறித்தால், "தலைவரைப் பிரிக்கிறாள்" என்றார்கள். அதையே ஒரு ஆண் டாக்டர் செய்திருந்தால் கண்டிப்பான டாக்டர் என்று மெச்சியிருப்போம்.

1956 டிசம்பர் 6. பாபாசாகேப் போய்விட்டார். அழுது முடிக்கக்கூட அவகாசம் தரவில்லை, கொலைப்பழி வந்து விழுந்தது. அரசாங்கம் விசாரித்தது. 1957இல் உள்துறை அமைச்சர் பந்த், இது இயற்கை மரணம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். "அரசாங்கம் சொன்னா நம்பிடணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அரசாங்கத்தை விடுங்கள். பாபாசாகேப் சொன்னதை நம்புவீர்களா, மாட்டீர்களா?

'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956 மார்ச்சில் அவர் ஒரு முன்னுரை எழுதினார். நோயைத் தாண்டி அந்த நூலை முடிக்க முடிந்ததற்குத் தன் மனைவியும் டாக்டர் மால்வங்கரும் காட்டிய மருத்துவத் திறமையே காரணம் என்று அதில் நன்றி சொல்லியிருக்கிறார். 1957இல் நூல் வந்தது. முன்னுரை வரவில்லை! 1980இல் பகவான் தாஸ்தான் அதைத் தேடி அச்சில் கொண்டுவந்தார். இருபது வருசத்துக்கு மேல் நோயாளியின் சாட்சியம் இருட்டில் கிடந்தது, வதந்தி மட்டும் வெளிச்சத்தில் நடந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். 1956 அக்டோபர் 14, நாகபுரி. பாபாசாகேப்போடு நின்று அதே மேடையில் தீட்சை வாங்கியவர் இந்த அம்மா. அந்த மைதானத்தில் லட்சக்கணக்கான நம் சனங்களின் சாதி கழன்றது என்று பெருமையாகப் பேசுகிறோம். எல்லார் சாதியும் கழன்றது, அவர் சாதி மட்டும் ஒட்டிக்கொண்டதா? அப்படியானால் தீட்சைக்கு என்ன பொருள் தோழர்களே?

இதைச் சொன்னால் உடனே ரமாபாயை இழுத்து வருகிறார்கள். "அவங்கதான் தாய்." ஆமாம், தாய்தான். பெற்ற ஐந்தில் நாலு பிள்ளைகளைச் சாகக் கொடுத்து, வறுமையில் வாடி, அவர் வெளிநாட்டில் படிக்கும்போது குடும்பத்தைத் தாங்கியவர். அந்தத் தியாகத்தைக் கும்பிடுவது நமக்குச் சுலபம். ஏனென்றால் அவர் எதுவும் திருப்பிக் கேட்கவில்லை. பட்டினி கிடந்து செத்தால் தெய்வம், உயிரோடு இருந்து ஊசி போட்டால் கொலைகாரி. மனைவிக்கு நாம் வைத்திருக்கும் இடம் இந்த ரெண்டுதானா?

"தலித் பெண்ணாக இருந்துகொண்டு பாப்பாத்திக்கு வக்காலத்தா?" என்பார்கள். நான் பேசுவது நம்ம வீட்டுப் பெண்களுக்காகவும்தான். இயக்கத் தோழர் சிறைக்குப் போனால் வழக்குச் செலவுக்கு அலைகிறவள் அவர் மனைவி. போலீஸ் வந்தால் முதல் வசவு அவளுக்கு. தலைவர் தடுமாறினால், "எல்லாம் அவ பேச்சைக் கேட்டுத்தான்" என்கிறோம். தலைவர் செத்தால் அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று உளவு பார்க்கிறோம். மேலே எறிந்த கல் நம் பெண்கள் தலையிலும்தான் விழுகிறது.

பார்ப்பனியத்தோடு நமக்குச் சமரசம் இல்லை. சவிதா அம்பேத்கரின் அரசியலில் குறை இருந்தால் அதை எழுதுங்கள், விவாதிப்போம். அவரும் 1990இல் மராத்தியில் தன் வாழ்க்கையை எழுதிவைத்திருக்கிறார். 2022இல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. படித்துவிட்டு மறுக்கலாம். ஆனால் கொலை என்பது குறையல்ல, குற்றச்சாட்டு. அதற்குச் சாட்சி வேண்டும்.

பல ஆண்டுகள் பொதுவாழ்வை விட்டு ஒதுங்கி வாழ்ந்தார் அவர். 1990இல் பாபாசாகேப்புக்கு பாரத ரத்னா கொடுத்தபோது அதை வாங்கியவர் அவர்தான். 2003இல் தொண்ணூற்று நாலு வயதில் இறந்தார். நாற்பத்தாறு வருசத்துக்கு மேல் விதவையாக இருந்தவர், அத்தனை வருசமும் கொலைகாரி என்ற பேரோடு இருந்தார்.

வரும் டிசம்பர் 6 அன்று மைக் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் பாபாசாகேப் எழுதிய முன்னுரையை மேடையில் வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகும் நாக்கு கூசவில்லை என்றால், அப்புறம் சொல்லுங்கள்.