குளத்தின் ஒரு கரையையாவது விட்டுவையுங்கள்

கோவை வாலாங்குளத்தின் கரையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை, பெஞ்சுகள், வண்ண விளக்குகள், படகுச் சவாரி எல்லாம் வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடைப்பயிற்சி நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். மேடுபள்ளம் இல்லாத பாதையின் அருமை முழங்கால் வலி வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால், "அந்தப் பக்கம் ஒரே புதரும் சேறுமா கிடக்குது சார், அதையும் சுத்தம் பண்ணிக் கல்லு பதிச்சுட்டா அம்சமா இருக்கும்" என்று ஒரு நண்பர் சொன்னபோது என்னால் தலையாட்ட முடியவில்லை.

அந்தச் சேறுதான் பறவைகளுக்குச் சாப்பாட்டு மேசை. நெடுங்கால் உள்ளானும் மடையானும் நீந்தி இரை பிடிப்பவை அல்ல. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து புழு பூச்சிகளையும் சிறு மீன்களையும் பொறுக்குபவை. கரையைச் செங்குத்தாகக் கல் வைத்துக் கட்டிவிட்டால் அந்த ஆழமில்லாத விளிம்பே இல்லாமல் போய்விடும். நீர்க்காகம் எப்படியாவது முங்கிப் பிழைத்துக்கொள்ளும், உள்ளான் என்ன செய்யும்? நாம் புதர் என்று முகம் சுளிக்கும் சம்புக் கூட்டத்துக்குள்தான் நீலத் தாழைக்கோழி கூடு கட்டுகிறது. நீல உடம்பும் சிவப்பு அலகுமாக அது சேற்றில் நடந்து போவதைப் பார்த்தால் வண்ண விளக்கு எதற்கு என்று தோன்றும்.

விளக்கு என்றதும் இன்னொன்று. பறவைகளுக்கும் இருட்டு வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆளில்லாத பாதைக்கு நீலம், பச்சை, ஊதா எல்லாம் யாருக்காக? சுவிட்சை அணைக்க டெண்டர் விட வேண்டியதில்லை.

உண்மையில் சுத்தம் செய்ய வேண்டியது சாக்கடையை. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. கழிவுநீரில் வரும் சத்தைத் தின்றுதான் இப்படிக் கொழிக்கிறது. இயந்திரம் வைத்து எத்தனை முறை வாரினாலும், கழிவுநீர் வரும் வழியை அடைக்காதவரை திரும்பத் திரும்ப முளைக்கும். பூங்காவுக்குச் செலவிட்ட அக்கறையில் பாதியை இதற்குக் காட்டியிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும் வேலை இருக்காது.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பக்கத்திலேயே சிங்காநல்லூர் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக 2017-இல் நம் மாநகராட்சியே அறிவித்திருக்கிறது. வாலாங்குளம் முழுவதற்கும் அப்படி வேண்டாம். ஒரு கரை நமக்கு இருக்கட்டும். எதிர்க் கரையில் கல்லும் விளக்கும் இல்லாமல், சம்பையும் சேற்றையும் அப்படியே விட்டுவையுங்கள். இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பறவைகளின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு பலகை வைத்தால் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கும் வசதியாக இருக்கும்.